சணல் ஆலைத் தொட்டில்கள்

கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், பாலியில் தொடங்கித் தெற்கே பௌரியா, செங்காயில் வரையில் ஹூக்ளி நதியை ஒட்டிக் கிடக்கும் ஹவுராவின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களெல்லாம், அதன் பெரிய பாலத்தையும் ரயில் நிலையத்தையும், லிலுவாவின் ரயில்வே பட்டறையையும், கீழ்த்திசை ஷெஃபீல்டு என்று அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த வார்ப்படச் சாலைகளையும் பற்றி விஸ்தாரமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். நதிக்கரை நெடுகப் புகை கக்கி நின்ற சணல் ஆலைகளைப் பற்றியும், அவற்றை நடத்திய ஸ்காட்லாந்து துரைமார்களைப் பற்றியும், 1928, 1929 ஆகிய வருஷங்களின் பெரிய வேலைநிறுத்தங்களைப் பற்றியும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆயினும், பொழுது விடியுமுன் ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்தோடிய ஒரு ஸ்திரீ தன் கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போனாள், அப்படி விட்டுப் போனதற்கான செலவை யார் ஏற்றார்கள் என்ற சின்னக் கேள்வியோடு அந்தச் சரித்திரத்துக்குள் நுழைந்தால், சட்டசபையும் ஆலை முதலாளியும் சர்க்காரும் நூறு வருஷ காலமாக ஒருவர் தலையிலிருந்து ஒருவர் தலைக்கு ஒரு பாரத்தை மாற்றிக்கொண்டே வந்த கதை வெளிப்படுகிறது.

வங்காளத்தின் முதல் சணல் ஆலை 1855ஆம் ஆண்டில் பக்கத்து ரிஷ்ராவில் எழுந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஹவுராக் கரையிலும் ஃபோர்ட் குளோஸ்டர், ஹவுரா மில்ஸ், கேஞ்சஸ், டெல்டா, நேஷனல் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. பின்னர் அமெரிக்க நாட்டு லட்லோ கம்பெனியாரும் செங்காயிலில் வந்து சேர்ந்தார்கள். 1929ஆம் ஆண்டு வாக்கில் வங்காளச் சணல் ஆலைகள் அனைத்திலும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் பெண் என்றும் கணக்குச் சொல்கிறது. பீகார், ஐக்கிய மாகாணம், ஒரிஸா முதலிய இடங்களிலிருந்து வந்த ஆண்கள் பெரும்பாலும் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தனியே வந்தவர்கள். கஞ்சம், விசாகப்பட்டினம் ஜில்லாக்களிலிருந்து வந்த தெலுங்கர்களோ பெண்டு பிள்ளைகளோடு குடியேறினார்கள். சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்கள் என்பதால் ஆலை வட்டாரத்தில் அவர்களுக்கு மதராஸிகள் என்றே பெயர். அந்தக் குடும்பங்களில் புருஷனும் மனைவியும் ஒரே ஆலைக்குள் போனார்கள். வீட்டில் மிஞ்சுகிறவர்கள் கிழவிகளும் குழந்தைகளும்தான். பல வீடுகளில் அந்தக் கிழவிகூட இல்லை.

ஆலைக்குள் பெண்களுக்கென்று ஒதுக்கிய வேலைகள் சில உண்டு. பொதியாக வந்த சணலைப் பிரித்து எண்ணெயும் நீரும் தெளித்துப் பதப்படுத்துவது, பதமான சணலைச் சீவும் யந்திரங்களுக்கு ஊட்டுவது, நெய்து வெட்டிய சாக்கின் ஓரத்தை ஊசியும் நூலுமாகக் கையால் தைப்பது ஆகியவை அவை. மூன்றும் குறைந்த கூலி வேலைகள். தையலுக்கு எண்ணிக்கைக் கூலி. எத்தனை சாக்கு தைத்தாளோ அத்தனைக்குத்தான் காசு. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு நாள் ஒன்றுக்குப் பதினொரு மணி நேரத்தை வரம்பாக வைத்தது. அந்த வரம்பு 1934 வரையில் நீடித்தது. பால் குடிக்கும் குழந்தை பதினொரு மணி நேரம் தாயைப் பிரிந்திருக்க முடியாது. ஆகவே குழந்தையும் ஆலைக்குள் வந்தது. சணல் தூசி மூடுபனிபோல் கவிந்து நிற்கும் கூடத்தில், சுழலும் வார்ப்பட்டைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், விரித்துப் போட்ட கோணித் துண்டின்மேல் அது கிடந்தது. வேலையாட்களை மேற்பார்த்த சர்தார் கண்டும் காணாதவர்போல் நடந்து போவார். அவருக்கு அதற்கென்று ஒரு மாமூல் இருந்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. அழுதால் தாய் எழுந்து போவாள், தாய் எழுந்து போனால் யந்திரத்துக்குச் சணல் ஊட்ட ஆளில்லை. எனவே குழந்தை அழாதிருக்க வேண்டியிருந்தது, அதற்கு அபின் உதவியது.

இதை ஏதோ சில கொடிய தாய்மார்களின் வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. பம்பாயில் பஞ்சாலைப் பெண்களிடையே வைத்தியம் பார்த்த டாக்டர் பார்ன்ஸ் அம்மையார், 1920களின் தொடக்கத்தில் தாம் விசாரித்த ஆலைத் தொழிலாளப் பெண்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 98 குழந்தைகளுக்கு அபின் ஊட்டப்படுவதாக எழுதினார். வங்காளத்திலும் நிலைமை அறியவென்று இந்திய சர்க்கார் டாக்டர் டாக்மர் கர்ஜெல் என்ற வைத்திய அம்மையாரை நியமித்தது. சணல் ஆலைகளையும் தேயிலைத் தோட்டங்களையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் சுற்றிப் பார்த்து அவர் தந்த அறிக்கை 1923இல் வெளிவந்தது. பிரசவம் நெருங்கும் வரை வேலை செய்துவிட்டு, பெற்ற சில வாரங்களுக்குள் மீண்டும் ஆலைக்குத் திரும்பிய பெண்களின் வாழ்க்கையை உத்தியோக முறையில் பதிவு செய்த முதல் ஆவணங்களில் அதுவும் ஒன்று. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. அபின் அந்நாளில் சர்க்கார் உரிமம் பெற்ற கடையில் விற்ற பண்டம். அதன்மேல் சர்க்காருக்கு நல்ல வரும்படி. ஆக, ஆலைத் தொழிலாளியின் சிசுவைப் பகல் முழுவதும் உறங்கவைக்கும் ஏற்பாட்டில் ராஜாங்கப் பொக்கிஷத்துக்குச் செலவு ஒரு காசும் இல்லை, வரவு மாத்திரமே இருந்தது.

ஹவுராவின் துரைமார்களுக்கு இதைவிட மேலான வழி தெரியாதென்று சொல்ல முடியாது. அவர்களில் பெரும்பாலோர் டண்டியிலிருந்து வந்தவர்கள். அந்த ஸ்காட்லாந்து நகரத்தின் சணல் ஆலைகளில் பெண்களே பெரும்பான்மையினர், அவர்களிலும் மணமானவர்கள் மிகப் பலர். அங்கே மேரி லில்லி வாக்கர் என்ற அம்மையார் 1906ஆம் ஆண்டிலேயே பாலூட்டும் தாய்மார்களுக்கென்று உணவுச்சாலைகள் திறந்து, குழந்தை பிறந்து சில மாதமேனும் ஆலைக்குத் திரும்புவதில்லை என்ற நிபந்தனையின் பேரில் அவர்களுக்குச் சத்தான சாப்பாடு போட்டார். அதற்கும் தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே ராபர்ட் ஓவன் நியூ லனார்க்கில் தம் பஞ்சாலைக் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்திருந்தார். பாரிஸில் 1844இல் மார்போ என்பவர் நிறுவிய சிசுக் காப்பகத்தைப் பார்த்து ஐரோப்பாவின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. டண்டியிலிருந்து யந்திரங்களும் வந்தன, மேஸ்திரிகளும் வந்தார்கள், கணக்குப் புத்தகம் எழுதும் முறையும் வந்தது. இந்த ஒன்று மட்டும் கப்பலேறவில்லை.

1929ஆம் ஆண்டில் விட்லி துரையின் தலைமையில் தொழிலாளர் ராயல் கமிஷன் இந்தியாவுக்கு வந்தது. நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அதில் ஓர் அங்கத்தினர்; என். எம். ஜோஷி, திவான் சமன்லால், கன்ஷ்யாம் தாஸ் பிர்லா ஆகியோரும் இருந்தார்கள். பெண்களின் நிலையைக் கவனிக்கவென்று பெரில் பவர் என்ற ஆங்கில அம்மையாரும் இடம்பெற்றார். 1931இல் வந்த அதன் அறிக்கை, 250 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைப்பதைச் சட்டக் கடமையாக்க வேண்டுமென்று சிபாரிசு செய்தது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அந்த எண்ணிக்கையை 50 ஆகக் குறைத்தது. ஆனால் காப்பகம் வைத்தே தீர வேண்டுமென்று அது கட்டளையிடவில்லை; தகுந்த ஓர் அறையை ஒதுக்கச் சொல்லி விதி செய்யும் அதிகாரத்தை மாகாண சர்க்கார்களுக்குக் கொடுத்ததோடு நின்றது. அறையில் யார் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வது, அவளுக்குச் சம்பளம் என்ன என்பதெல்லாம் பிற்காலத்துப் பிரச்னைகளாக விடப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குறையை ஓரளவு நீக்கியது. அதன் 48ஆம் பிரிவு, ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் காற்றும் வெளிச்சமும் உள்ள சுத்தமான அறை வேண்டும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்று கூறிற்று. இலவசப் பால் கொடுப்பதற்கும், தாய் இடையிடையே வந்து பாலூட்டிப் போவதற்கும் மாகாணங்கள் விதி செய்யலாம் என்றும் அதே பிரிவு இடமளித்தது. படித்தால் மனம் குளிரும் பிரிவுதான். ஆயினும் பயிற்சி பெற்ற அந்தப் பெண்கள் எங்கிருந்து வருவார்கள் என்று யோசித்தவர்கள் சிலரே. பயிற்சிக்கூடங்கள் மிகக் குறைவு. பயிற்சி பெற்ற ஒருத்திக்கு ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ இதைவிட நல்ல சம்பளம் கிடைக்கும். ஆகவே ஆலைக் காப்பகங்களில் கண்ணில் பட்டவர்கள் பெரும்பாலும் ஆயாக்கள்: யந்திரத்தில் நிற்க உடம்பு இடங்கொடாத வயோதிகைகள், ஆலையிலேயே வேலை செய்து செத்தவர்களின் விதவைகள். அவர்களுக்கு அன்பு இருந்திருக்கும். பத்து இருபது குழந்தைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள அன்பு போதாது. 1940களில் தொழிலாளர் நிலை பற்றி விசாரித்த ரேகே கமிட்டியும், 1969இல் அறிக்கை தந்த தேசிய தொழிலாளர் கமிஷனும் நாட்டின் பல தொழிற்சாலைகளில் காப்பகங்கள் சரிவர நடக்கவில்லை என்றே குறித்தன.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இனிமேல்தான் வருகிறது. சட்டம் காப்பகத்தின் தேவையைப் பெண்களின் தலையை எண்ணித் தீர்மானித்தது, அதன் செலவை அந்தந்த ஆலையின் தலையில் வைத்தது. எந்த ஆலையில் பெண்கள் மிகுதியோ அந்த ஆலைக்குச் செலவும் மிகுதி. கல்கத்தாவின் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கணக்கருக்கு இதிலிருந்து என்ன முடிவு தோன்றும் என்று ஊகிக்கப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. பெண்கள் ஆலையிலிருந்து மறைந்ததற்குக் காப்பகச் செலவு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 1930, 31ஆம் ஆண்டுகளின் உலக மந்தத்தில் ஆலைகள் பல-ஷிஃப்ட் முறையைக் கைவிட்டு ஒற்றை ஷிஃப்டுக்கு மாறியபோது பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். பிரிவினைக்குப் பின் சணல் விளையும் நிலம் பெரும்பாலும் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1950களில் புதிய யந்திரங்கள் வந்து, சணலைப் பதப்படுத்தும் பகுதியிலும் சாக்குத் தைக்கும் பகுதியிலும் பெண்களின் கைவேலையை விழுங்கின. இரவு ஷிஃப்டில் பெண்களை நிறுத்தச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1939ஆம் ஆண்டு வங்காளப் பிரசவ சகாயச் சட்டப்படி எட்டு வாரப் படியும் அவர்கள் கணக்கில் சேர்ந்தது. இத்தனைக்கும் நடுவே காப்பகமும் ஒரு செலவினம். ஆறில் ஒருவராக இருந்த பெண்கள் 1970களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேராகச் சுருங்கினார்கள். ஆலைகள் பலவற்றில் ஐம்பது என்ற எல்லைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. 1976இல் பாராளுமன்றம் எல்லையை முப்பதாகக் குறைத்தபோது, ஹவுராக் கரையில் அதனால் பயனடைய மிச்சமிருந்த தாய்மார்கள் எத்தனை பேர்?

வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்கு அதே ஹவுராவில் அதே காலத்தில் ஓர் உதாரணம் கிடைக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 1955இல் கல்கத்தா, ஹவுரா பிரதேசங்களுக்கு வந்தது. இ.எஸ்.ஐ. என்று நாம் சுருக்கமாகச் சொல்கிறோமே, அதுதான். ஆண் தொழிலாளிக்கும் பெண் தொழிலாளிக்கும் சேர்த்தே முதலாளி ஒரு விகிதப்படி பணம் கட்ட, தொழிலாளியும் தம் பங்கைக் கட்ட, அந்தப் பொது நிதியிலிருந்து பிரசவப் படி வழங்கப்பட்டது. அதனால் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் பிரசவச் செலவு தன் கையை விட்டுப் போகுமே என்று எந்த முதலாளியும் தனியே அஞ்ச வேண்டியதில்லை. காப்பகத்தையும் அந்தப் பொது நிதியில் சேர்த்திருந்தால், பௌரியாவின் மூன்று நான்கு ஆலைகளுக்கு நடுவில் நல்ல கட்டடமும் தகுதியான ஆயாக்களும் முறையான சம்பளமும் உள்ள ஒரே காப்பகம் நடத்துவது பிரமாதமான காரியமாக இருந்திராது. ஏனோ அது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சட்டப் புத்தகத்துக்குள் வரவில்லை.

ஆலை கைவிட்ட பாரத்தை அடுத்தபடியாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது சர்க்கார். 1953இல் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் ஏற்பட்ட மத்திய சமூக நல வாரியம் தொண்டு ஸ்தாபனங்களுக்கு மானியம் கொடுத்து பால்வாடிகளை வளர்த்தது. 1969இல் மீரா மகாதேவன் தில்லியின் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூடாரம் போட்டு, சித்தாள் பெண்களின் குழந்தைகளுக்கு நடமாடும் காப்பகம் தொடங்கினார். 1975ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. அதன் அங்கன்வாடிகள்தான் பிற்காலத்தில் ஹவுராவின் சந்துகளுக்குள்ளும் நுழைந்தன. ஆனால் அதன் அடிப்படையிலேயே ஒரு கோணல் இருந்தது. அங்கன்வாடிப் பெண்ணைச் சர்க்கார் உத்தியோகஸ்தராக வைக்கவில்லை. ஊருக்கு உழைக்க முன்வந்த தொண்டராகப் பாவித்து, மெட்ரிக் தேறியவருக்கு மாதம் 150 ரூபாய், தேறாதவருக்கு 100 ரூபாய், உதவியாளருக்கு 35 ரூபாய் என்று மதிப்பூதியம் நிர்ணயித்தது.

இந்த ஏற்பாட்டின் விளைவை, பஸ்தி என்று சொல்லப்படும் ஹவுராவின் குடிசைப் பகுதி ஒன்றில் காலை வேளையில் போய் நின்றால் பார்க்கலாம். சொந்தக் கட்டடம் இல்லாததால் பகுதிக் கிளப்பின் அறையிலோ, வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையிலோ, யாரோ ஒருவரின் தாழ்வாரத்திலோ மையம் நடக்கிறது. கேரம் பலகையைச் சுவரோடு சாய்த்துவிட்டு, தரையில் பாய் விரித்து, பதினைந்து இருபது பிள்ளைகள். திதிமணி என்று அழைக்கப்படும் அங்கன்வாடிப் பெண் ஒருத்தி பெரிய பதிவேடுகளில் எடையும் வருகையும் எழுதிக்கொண்டே வங்காள எழுத்துகளையும் சொல்லிக்கொடுக்கிறாள். உதவியாளர் அடுப்பில் கிச்சுரி கிண்டுகிறாள். இந்தக் கிச்சுரியால்தான் அங்கத்திய ஜனங்கள் அதைக் கிச்சுரி ஸ்கூல் என்று அழைக்கிறார்கள். கிச்சுரி ஆறியதும் தாய்மார்கள் டிஃபன் டப்பாவோடு வந்து வரிசையில் நிற்பார்கள்; முற்பகல் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வீட்டு வேலைக்கோ, ஜரி வேலைக்கோ, தொழிற்பட்டறைக்கோ போகும் பெண்ணுக்கு மாலை வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த மையம் அதற்காக அமைக்கப்பட்டதே இல்லை.

ஊதியமோ அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் தான் நிர்ணயிக்கும் மதிப்பூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது. உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதன்மேல் மாநிலங்கள் தத்தம் சக்திக்கேற்பச் சேர்க்கின்றன. மேற்கு வங்கம் 2024 ஏப்ரல் முதல் ஊழியருக்கு 750 ரூபாயும் உதவியாளருக்கு 500 ரூபாயும் கூட்டியது. அங்கன்வாடிப் பெண்கள் சர்க்கார் பதவி வகிப்பவர்கள் ஆகமாட்டார்கள் என்று அமீர்பி வழக்கில் 2006இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2022 ஏப்ரலில் குஜராத்திலிருந்து வந்த மணிபென் வழக்கில் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. ஒரு வேலைக்காரருக்குரிய உரிமையை அடைய அவர்களுக்கு ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஆயிற்று.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு தோன்றாமல் இராது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான பெண்கள், அவர்களில் விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் பலர், மிகச் சொற்பமான தொகைக்குத்தான் வேலையில் சேர்ந்தார்கள். பிறகு சங்கமும் போராட்டமுமாகப் பல வருஷங்கள் போய், சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற ஓர் இடைநிலை இங்கே அவர்களுக்குக் கிடைத்தது. அதுவும் முழு நியாயம் என்று அவர்களே ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் படிப்படியான ஊதிய உயர்வு என்பது அவர்களுக்குக் கனவாக இல்லை.

வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு திட்டம் இல்லாமல் போகவில்லை. 2006இல் ராஜீவ் காந்தி பெயரால் தேசியக் காப்பகத் திட்டம் வந்தது. 25 குழந்தைகளுக்கு ஒரு காப்பகம், இரண்டு பெண்கள், ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு நாள் முழுவதும் குழந்தைகளோடு இருக்க வருகிறவள் யார்? வேறு வேலை கிடைத்த அன்றே அவள் போய்விடுவாள். அவள் போனால் காப்பகக் கதவு பூட்டப்படும். 2017 தொடக்கத்தில் இத்திட்டத்தின் செலவை மத்திய சர்க்கார் 60, மாநிலம் 30, தொண்டு ஸ்தாபனம் 10 என்று பங்கிட்டார்கள். பங்குதாரர் மூவரானதும் பணம் மூன்று வாசல்களில் காத்துக் கிடந்தது. 2010களின் நடுவில் நாடெங்கும் இருபதினாயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020 வாக்கில் ஆறாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தன. பிறகு அத்திட்டத்துக்குப் பால்னா என்று பெயர் மாற்றி, அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைத்து 17,000 மையங்கள் அமைப்பதாக 2022இல் அறிவித்தார்கள்.

தொழிற்சாலைப் பக்கத்திலும் சட்டம் மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டுப் பிரசவ சகாயச் சட்டத் திருத்தம் முதன்முறையாகப் பெண்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஆணும் பெண்ணுமாக ஐம்பது ஊழியர்கள் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. கர்ஜெல் அம்மையாரின் அறிக்கை வெளிவந்து அப்போது தொண்ணூற்று நான்கு வருஷங்கள் ஆகியிருந்தன. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பல நிறுவனங்கள் தங்கள் பணத்தை ஒன்றாகப் போட்டுப் பொதுக் காப்பகம் ஒன்றை நடத்தலாம், நகரசபையின் காப்பகத்தையோ தொண்டு ஸ்தாபனத்தின் காப்பகத்தையோகூடப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதிக்கிறது. இ.எஸ்.ஐ.யைப் போல் இது கட்டாயமன்று, இஷ்டமிருந்தால் செய்யலாம். ஹவுராவின் சணல் ஆலைகளில் சில மூடிக் கிடக்கின்றன, சில நாட்கூலிக்காரர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் கொண்டு நடக்கின்றன. ஐம்பது என்ற கணக்கில் அவர்களில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில்தான் இனி வழக்குகள் எழும். காப்பகத்தில் உட்காரப்போகும் ஆயாவின் சம்பளத்தைப் பற்றி அந்தப் பிரிவும் பேசவில்லை.